நான்காம் பக்கத்தில் நீ எழுதிய காரணம்

அன்பு மகன்,

அஸ்ஸலாமு அலைக்கும். பக்கத்து அறையில் இருக்கிற பிள்ளைக்கு வாப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குச் சிரிப்பு வரும். சிரித்துவிட்டு வாசி. ஞாயிற்றுக்கிழமை உனக்கு நிக்காஹ். அன்றைக்கே நீ மருதமுனைக்குப் போய்விடுவாய். நம் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்கு, ஆண்பிள்ளை போகிற ஆள். இந்த வீடும் என் மூத்த மகளுக்கு, உன் ராத்தாவுக்கு, எழுதின வீடுதான். முப்பது வருஷத்துக்கு முதல் நானும் ஒரு பெட்டியோடு இதே கேற்றால் உள்ளே வந்த மாப்பிள்ளை. இனி நாலு நாள்தான் இருக்கிறது. அந்த நாலு நாளும் வீடு நிறைய மாமிமாரும் மச்சிமாரும் இருப்பார்கள், உன் உம்மா என்னை வாடகைக் கதிரை எண்ணவும் தேங்காய் எடுக்கவும் அனுப்பிக்கொண்டே இருப்பாள். அதோடு, உன் முகத்தைப் பார்த்து இதைச் சொல்லத் தொடங்கினால் நான் வழக்கம்போல் வேறு எதையாவது சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடுவேன். இத்தனை வருஷம் வயல்காரருக்கும் நெல்வெட்டு மெசின்காரருக்கும் நடுவில் நின்று புரோக்கர் வேலை பார்த்த வாய் இது. ஒன்றை நேராகச் சொல்ல அது பழகவில்லை.

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்ததும் நீ ஒரு கட்டுக் கடதாசியை என் கையில் தந்தாய். "வாப்பா, இத ஒருக்கா பாருங்க. தமிழ் சரியா எண்டு மட்டும் பாத்தாப் போதும்" என்றாய். மாகாணத்தில் புதிதாகக் கம்பெனி தொடங்குகிற இளம் ஆட்களுக்குக் காசும் வழிகாட்டலும் கொடுக்கிற அந்தத் திட்டத்துக்கு நீ கொடுக்கப்போகிற அறிக்கை. நான்காம் பக்கத்தில் 'பரீட்சார்த்த முயற்சி தோல்வியடைந்த காரணம்' என்று தலைப்பு. அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: 'அறுவடை இயந்திரச் சாரதிகள் கையடக்கத் தொலைபேசி மூலம் வேலை பெறும் நிலைக்கு இன்னும் வரவில்லை.' ஆகையால் இந்தச் சேவையை நிறுத்திவிட்டு, பயிருக்குப் பசளையும் கிருமிநாசினியும் இணையத்தில் விற்கிற வேலைக்கு மாறுகிறோம் என்று அடுத்த பந்தியில் எழுதியிருந்தாய். நான் இரண்டு தரம் வாசித்தேன். "தமிழ் சரி" என்று திருப்பித் தந்தேன். தமிழ் சரியாகத்தான் இருந்தது. காரணம்தான் பிழை. டிரைவர்மார் மேல் ஒரு பிழையும் இல்லை மகன். உன் வேலையைக் கெடுத்தது நான்.

எப்படி என்று சொல்வதற்கு முதல், ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பொறாமை. நம் ஆட்கள் ஹஸது என்று சொல்வது. அதைப் பற்றி ஜும்ஆவில் எத்தனையோ குத்பாப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் இது இன்னாருக்குச் சொல்கிற கதை, அவர் எந்த சப்பில், எந்த வரிசையில் இருக்கிறார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறேனே தவிர, ஒருநாளும் எனக்கென்று எடுத்தது கிடையாது. சொந்தப் பிள்ளையைப் பார்த்து வயிறு எரிகிற தகப்பன் ஊரில் இருக்கமாட்டான் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இருக்கிறான். சாய்ந்தமருதில், உன் வீட்டில், முன்னறைச் சாய்மனைக் கதிரையில் இருக்கிறான்.

முதலில் அந்த அருள்தாஸ் சேரிலிருந்து தொடங்குகிறேன். திட்டக்காரர் உனக்கென்று போட்டுத் தந்த வழிகாட்டி. மட்டக்களப்பார், கொழும்பில் கணினிக் கம்பெனியொன்றில் பெரிய பதவியில் இருந்து ஓய்வெடுத்து வந்தவர். என் வயதுதான், ஆனால் வயிறு இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. திங்கட்கிழமை தோறும் பின்னேரம் அவருடைய அழைப்பு வரும். போன் அடித்ததும் நீ கதிரையை விட்டு எழும்பி நிற்பாய். "ஓம் சேர், சொல்லுங்க சேர்." ஒருநாள் ஒரு அழைப்பில் எத்தனை சேர் வருகிறது என்று எண்ணினேன். நாற்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். நான் அழைத்தால் நீ எழும்பி நிற்கிறாயா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் முக்கால்வாசி நேரம் நீ எடுக்கவே மாட்டாய்.

வாடிக்கையாளர் வாயால் சொல்வதை நம்பாதே, அவர் செய்வதைப் போய்ப் பார் என்று அவர் உனக்குச் சொன்னாராம். அதை நீ பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் ஒட்டினாய். நீ கம்பெனி தொடங்கின முதல் வாரம் நான் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "மகன், போடியார்மார் நாளைக்கு வெட்டு எண்டு சொன்னா நம்பிராத. களத்தில படங்கு விரிச்சிரிக்கா எண்டு போய்ப் பாத்துட்டு மெசின அனுப்பு" என்றேன். வயல்காரப் போடியாராவது, நெல் கொட்டுகிற படங்காவது என்பதுபோல் நீ போனைப் பார்த்துக்கொண்டே "ஓம் வாப்பா" என்றாய். இரண்டும் ஒரே கதைதான். அவருடையது சுவரில் ஏறியது, என்னுடையது தேத்தண்ணிக் கோப்பையோடு குசினிக்குப் போனது. சுவரில் ஒட்டிய அந்தத் தாளை நான் ஒவ்வொரு நாளும் கடந்துதான் தொழுகைக்கு உளூ எடுக்கப் போக வேண்டும். போகிற வழியில் ஒருநாள் அதன் ஒரு மூலையை நகத்தால் கிளப்பிவிட்டேன். காற்றுக்கு விழுந்ததென்று நீ நினைத்துத் திரும்ப ஒட்டினாய். அவ்வளவுக்குக் கேவலமாகப் போயிருந்தேன் நான்.

அவர் நம் வீட்டுக்குச் சாப்பிட வந்த அன்றைக்கு உன் உம்மா கணவாய்க் கறி வைத்தாள். நான் கேட்டு மூன்று வெள்ளிக்கிழமை ஆகியிருந்தது. அந்த மனிதர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டு, "அம்மா, இப்பிடி ஒரு கறி நான் கொழும்பில முப்பது வருஷமாத் தேடினன்" என்றார். உம்மா இரண்டாம் முறை அள்ளிப் போட்டாள். அவர் போன பிறகு, "நல்ல மனிசன். நீங்க ஏன் முகத்தத் தூக்கி வெச்சிட்டு இருந்தீங்க?" என்று என்னைக் கேட்டாள். கறியில் உப்புக் கூட என்று சொன்னேன். உப்பு அளவாகத்தான் இருந்தது.

ஆனால் அவர் மேல் இருந்தது மேலோட்டமான எரிச்சல். உள்ளே கிடந்தது உன் மேல்தான். உனக்குக் கிடைத்த காசைப் பார்த்து நான் பொறாமைப்படவில்லை என்று சத்தியமாகச் சொல்வேன். ஒரு நீள மேசைக்குப் பின்னால் படித்த ஆட்கள் ஐந்து பேர் உட்கார்ந்து, சாய்ந்தமருதுப் பொடியன் ஒருவனிடம் "உங்கட யோசனை என்ன, சொல்லுங்க" என்று கேட்டு, அவன் முடிக்கும்வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களே, அதைப் பார்த்துத்தான். என் வாழ்க்கையில் ஒருவரும் என்னிடம் அப்படிக் கேட்டது கிடையாது. அன்றைக்குக் கல்முனை மண்டபத்தில் நான் மூன்றாவது வரிசையில் உன் உம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தேன். நீ கோட் போட்டிருந்தாய். வயல்காரர் போனில் தன் வயல் கிடக்கிற வட்டையின் பெயரையும் ஏக்கரையும் நாளையும் போட்டால் கிட்டடியில் நிற்கிற வெட்டு மெசினுக்குத் தகவல் போகும், டிரைவர் 'ஓம்' என்று அழுத்தினால் வேலை உறுதி என்று வடிவாக விளங்கப்படுத்தினாய். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. கடைசியில் நீ மைக்கைப் பிடித்துச் சொன்னாய்: "எங்கட ஊர்ல இதுவரைக்கும் ஒருத்தரும் இப்பிடி யோசிக்கல்ல." மண்டபம் கைதட்டியது. உன் உம்மா அழுதாள். நான் எழும்பி வெளியே போய்விட்டேன். ஒன்றுக்குப் போனேன் என்று பிறகு சொன்னேன்.

யோசித்தார்கள், மகன். நீ பிறப்பதற்கு முதல், நான் இந்த வீட்டுக்கு வந்த முதல் வருஷம். வெட்டு மெசின் எல்லாம் அப்போது இல்லை, நெற்கதிர் அருவி வெட்ட ஆட்கள், சூடடித்து நெல் பிரிக்க டிராக்டர். அறுவடை தொடங்கிவிட்டால் டிராக்டர் எந்த வட்டையில் நிற்கிறதென்று தெரியாமல் போடியார்மார் சைக்கிளில் அலைவார்கள். டிராக்டர்காரரோ வேலை தேடி வேறு பக்கம் அலைவார்கள். ஒருநாள் இரண்டு பகுதியும் ஒரே கடையில் முதுகுக்கு முதுகு உட்கார்ந்து தேத்தண்ணி குடித்துவிட்டு, ஆளை ஆள் தேடி எதிரெதிர்ப் பக்கம் போனதைக் கண்ணால் கண்டேன். பள்ளிக்கூடத்தில் கழித்துப்போட்ட ஒரு கரும்பலகையை வாங்கிவந்து, சம்மாந்துறை றோட்டில் உன் உம்மாவின் வாப்பா வைத்திருந்த பலசரக்குக் கடைக்கு முன்னால் மாட்டினேன். ஒரு பக்கம் டிராக்டர், எந்த வட்டை, எப்போது முடியும். மறு பக்கம் வயல், எத்தனை ஏக்கர், எப்போது வேண்டும். காலையும் பின்னேரமும் நானே சைக்கிளில் போய் விசாரித்து வந்து சோக்கால் எழுதுவேன். பதினொரு நாள் அது தொங்கியது. எட்டாம் நாளிலிருந்து ஆட்கள் பலகையைப் பார்க்கவென்றே கடைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள்.

பதினோராம் நாள் மாமா, உன் உம்மாவின் வாப்பா, என்னைக் கூப்பிட்டார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. "மாப்பிள்ள, சோக்கும் கையுமா றோட்டுல நிக்கிறது நம்மட குடும்பத்துக்கு வடிவா? ஆக்கள் என்ன நினைப்பாங்க?" என்றார். நான் புது மாப்பிள்ளை. அவர் கட்டின வீட்டில் படுக்கிறேன், அவர் வீட்டுச் சோறு சாப்பிடுகிறேன். ஒரு வார்த்தை எதிர்த்துக் கதைக்கவில்லை. ஈரத் துணியை எடுத்து நானே பலகையை அழித்தேன். உன் உம்மாவிடம் மழை அழித்துவிட்டது என்றேன். அது சிறுபோக அறுவடை, அந்த ஆகஸ்ட் வெயிலில் எங்கே மழை? அவள் நம்பினாள், அல்லது நம்பினதுபோல் இருந்தாள். பலகையில் இருந்ததை எல்லாம் அதற்குப் பிறகு தலைக்குள் வைத்துக்கொண்டேன். தலைக்குள் இருப்பதை யாரும் அழிக்கச் சொல்ல முடியாது. அப்படித்தான் நான் புரோக்கர் ஆனேன். இதை உனக்கு ஒருநாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ மேடையில் அப்படிச் சொல்லியிருக்கமாட்டாய். உனக்குச் சொல்லாமல் விட்டதும் நான், உனக்குத் தெரியாமல் போனதற்குக் கோபித்ததும் நான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். திட்டக்காரர் மீதிக் காசைத் தருவதற்கு முதல் ஒரு வட்டையில் ஒரு வாரம் செய்து காட்டச் சொன்னார்கள். நீ வீரமுனைப் பக்கத்து வட்டையை எடுத்தாய். அதற்கு இரண்டு கிழமைக்கு முதல் நீ என்னிடம் வந்து ஒன்று கேட்டாய். அருள்தாஸ் சேர் கேட்கச் சொன்னாராம். அதையும் நீ மறைக்காமல் சொன்னாய், எனக்குச் சுள்ளென்றது. "வாப்பா, ஒரு புது வட்டைக்கு மெசின இறக்கிறதுக்கு முதல் டிரைவர்மார் என்னெல்லாம் பாப்பாங்க?" என்று கேட்டாய். "வேறென்ன, காசுதான்" என்றேன். நீ அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டு போனாய்.

அது பொய். அவர்கள் பார்ப்பது ஒன்றே ஒன்றுதான், யார் முன்னுக்குப் போகிறார் என்று. தெரியாத வயலில் எங்கே சேறு, எங்கே வாய்க்கால் கசிகிறது, எந்த வரம்பு தாங்கும் என்று மெசினில் இருப்பவனுக்குத் தெரியாது. ஒரு மெசின் புதைந்தால் இழுத்தெடுக்க ஒரு முழு நாள் போகும், சங்கிலி அறுந்தால் அந்தப் போகமே போகும். அதனால் முதல் நாள் புரோக்கர் தன் மோட்டார் சைக்கிளில் முன்னுக்குப் போக வேண்டும், பின்னால் மெசின் வரும். வயலில் இறங்கி நடந்து காட்ட வேண்டும். நான் நடந்த இடத்தில் மெசின் இறங்கும், நடக்காத இடத்தில் இறங்காது. இது எந்தக் கடதாசியிலும் இல்லாத வழக்கம். கல்முனையிலிருந்து பொத்துவில் மட்டும் மெசின் ஓட்டுகிற எல்லோருக்கும் இது தெரியும். உனக்குத் தெரியாது, உன் சேருக்கும் தெரியாது. இந்த ஒன்றாவது என்னிடம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அந்தக் காலை உனக்கு ஞாபகம் இருக்கும். ஐந்து டிரைவர்மாரும் முதல் நாளே போனில் 'ஓம்' அழுத்தியிருந்தார்கள். சுபஹ் தொழுதுவிட்டு நீ வயலுக்கு ஓடினாய். நீ போய்க் கொஞ்ச நேரத்தில் நூர்தீன் எனக்குப் போன் எடுத்தான். இரண்டு மெசின் வைத்து ஓட்டுகிற, என்னை அண்ணன் முறைக்குக் காக்கா என்று கூப்பிடுகிற நம் நூர்தீன்தான். ஐந்து மெசினும் சந்தியில் நிற்கின்றன, பின்னால் இன்ஜின் சத்தம் கேட்கிறது. "காக்கா, நாங்க வந்துட்டம். நீங்க எங்க நிக்கிறீங்க?"

நான் முன்னறையில் தேத்தண்ணியோடு இருந்தேன். "எனக்குச் சுகமில்ல. நான் வரல்ல" என்றேன்.

"மகன்ட வேலைக்கே நீங்க வரல்லியா காக்கா?" என்று கேட்டான்.

"வரல்ல" என்றேன். அவ்வளவுதான். தகப்பனே முன்னுக்குப் போகாத வட்டை என்றால் அதில் என்னவோ இருக்கிறது என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள், அது எனக்கு நன்றாகத் தெரியும். ஐந்து மெசினும் திரும்பி வேறு வட்டைக்குப் போயின. பிறகு நீ நூர்தீனிடம் போய் ஏன் வரவில்லை என்று கேட்டபோது, என்னைக் காட்டிக்கொடுக்க மனமில்லாமல் அவன், "போன்ல வாற வேலையெல்லாம் நமக்குச் சரிவராது தம்பி" என்று சொல்லியிருக்கிறான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் நீ நான்காம் பக்கத்தை எழுதியிருக்கிறாய்.

உனக்கு ஒரு நாள் பிந்தட்டும், என்னைத் தேடி வரட்டும், 'வாப்பா, நீங்க இல்லாம ஏலாது' என்று சொல்லட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்கு மேல் யோசிக்கவில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் அந்த மழை வந்தது. உன் போனில் வேலை போட்டிருந்த வீரமுனைத் தம்பிப்பிள்ளை அண்ணனுடைய நாலு ஏக்கரும் தண்ணிக்குள் சாய்ந்தது. வேறு புரோக்கரைப் பிடித்திருந்தால் அவருக்கு அந்த நெல் முதல் நாளே வீட்டுக்கு வந்திருக்கும். உன்னை நம்பி இருந்தார். நீ வந்து சோறு வேண்டாம் என்று படுத்தாய். அந்த நேரம்கூட நான் வாயைத் திறக்கவில்லை.

நாலாம் நாள் வெயில் எறித்தது. நான் சம்மாந்துறைக்குப் போகிற வழியில் உன்னைக் கண்டேன். கையால் வெட்டி அடித்த ஈர நெல்லை றோட்டோரம் நீளத்துக்குப் பரப்பி, தம்பிப்பிள்ளை அண்ணனோடு நீ காலால் கிளறிக்கொண்டிருந்தாய். உங்களோடு மூன்றாவதாக ஒரு ஆள், காற்சட்டையை முழங்காலுக்கு மடித்துவிட்டு, தலையில் லேஞ்சித் துணியைக் கட்டிக்கொண்டு ஒரு தடியால் நெல்லைத் தள்ளிக்கொண்டிருந்தார். அருள்தாஸ் சேர். மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்து, தன்னுடையதல்லாத பிள்ளையோடு, தன்னுடையதல்லாத நெல்லைக் காயவைக்கிறார். நான் நிற்க வேண்டிய இடம் அது. அவரைத் தள்ளிவிட்டு அந்தத் தடியைப் பறிக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு. அவ்வளவு பொறாமை. பறித்திருந்தாலாவது நல்லது. நான் ஹெல்மெட்டைக் கழற்றாமல் போய்விட்டேன். நீ நிமிரவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்த கிழமை நீ கொழும்புக்குப் போயிருந்த அன்றைக்கு அவர் வீட்டுக்கு வந்தார். உன் உம்மாவிடம் தண்ணி மட்டும் வாங்கிக் குடித்துவிட்டு, அவள் உள்ளே போனதும் என்னிடம் கதைத்தார். "நான் அந்தச் சந்தியில போய் மூண்டு நாள் இருந்தன். டிரைவர்மார் எல்லாரும் போன் பாக்கிறாங்க. ஒருத்தர் மட்டும் வாய் தவறிச் சொல்லிப்போட்டார், காக்கா வரல்ல எண்டு."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "அவனுக்கு நான் சொல்லப் போறதில்ல. சொன்னா, உங்களுக்கும் அவனுக்கும் நடுவில வந்த ஆளா நான் ஆகிருவன். அறிக்கை போறதுக்கு முதல் நீங்க சொல்லுவீங்க எண்டு நினைக்கன்."

"சொல்லல்ல எண்டா?" என்று கேட்டேன்.

"அவன் பசளை விப்பான். நல்லாத்தான் விப்பான்" என்றார்.

அந்த மனிதர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்.

நேற்றுக் காலையில் நான் சந்திக்குப் போனேன். தேத்தண்ணிக் கடையில் நூர்தீனும் மற்ற டிரைவர்மாரும் இருந்தார்கள். எனக்கு அன்றைக்குக் காய்ச்சல் வருத்தம் ஒன்றும் இல்லை, வேண்டுமென்றுதான் வரவில்லை, வயலில் ஒரு குறையும் இல்லை என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். கடைக்காரன் கோப்பை கழுவுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தான். நூர்தீன் கதிரையை என் பக்கம் திருப்பினான். பிறகு, "காக்கா, அந்தப் போன் விஷயம் நல்ல விஷயம். எனக்கு வேல தேடி அலையிற டீசல் மிச்சம். முன்னுக்குப் போக ஒரு ஆள் இரிந்தா நாங்க ஏன் வேணா எண்டுறம்?" என்றான். இதை அப்படியே எழுது மகன். உன் சேவையில் குறைந்தது ஒரு ஆள்தான். ஒவ்வொரு வட்டையிலும் முன்னுக்குப் போகிறவர் யார் என்று அந்தப் போனில் ஒரு இடம் வை. வீரமுனைக்குத் தம்பிப்பிள்ளை அண்ணன் இருக்கிறார், நேற்று அவரிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் என்னை ஏசினார், நான் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு வருகிறேன் என்றார். நம் பக்கத்து வட்டைகளுக்கு ஒரு பழைய புரோக்கர் இருக்கிறார். விரும்பினால் எடு, விரும்பாவிட்டால் விடு. அதற்குக் கோபிக்கிற உரிமை அவருக்கு இல்லை.

கலியாணம் முடிக்கப் போகிற பிள்ளைக்குத் தகப்பன் புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். நீ போகிற வீட்டார் நல்லவர்கள். உன் மாமனார் இப்போதே மருதமுனை முழுக்க "நம்மட மருமகன் கம்பெனி வெச்சிரிக்காரு" என்று சொல்லித் திரிகிறார். ஆனால் கோட் போட்ட கம்பெனி வேறு, சேற்றுக் காலோடு பகல் சாப்பாட்டுக்கு வருகிற மருமகன் வேறு. ஒருநாள் அவரும் மெல்லிய குரலில், மரியாதையாக, இது நமக்கு வடிவா என்று கேட்பார். அன்றைக்கு நீ மரியாதையாக ஒரு பதில் சொல். அவர் என்ன நினைத்தாலும் பலகையை உன் கையால் அழித்துவிடாதே. நான் அழித்தேன். முப்பது வருஷமாக அந்த ஈரத் துணி கையில் இருக்கிறது, கடைசியில் உன்னுடையதையும் அதே துணியால்தான் துடைத்தேன்.

இதை எழுதி முடித்ததும் என் பொறாமை போய்விட்டதென்று நினைத்துக்கொள்ளாதே. போகவில்லை. அடுத்த திங்கட்கிழமை நீ மருதமுனையில் எழும்பி நின்று "ஓம் சேர்" என்பாய், எனக்கு இங்கே இருந்தே எரியும். எரியட்டும். இனி அது என்னோடு இருக்கும், உன் வேலைக்குள் வராது. இந்தக் கடிதத்தை நீ உம்மாவுக்குக் காட்டு, வரப்போகிற உன் பெண்சாதிக்குக் காட்டு, அருள்தாஸ் சேருக்கும் காட்டு. பலகையை அழித்தது மழை இல்லை என்று உம்மாவுக்கு இதிலேயே தெரியட்டும்.

கலியாணம் முடிந்து வருகிற புதன்கிழமை மண்டபத்தில் அந்த நீள மேசைக்காரர் ஐந்து பேருக்கு முன்னால் நீ அறிக்கையை வைக்க வேண்டும். வெளி ஆட்கள் வந்து இருக்கலாமா என்று கேட்க இன்று காலை அருள்தாஸ் சேருக்கு நானே போன் எடுத்தேன். அவர் எடுத்ததும் நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிட்டேன், உன் உம்மா பார்த்துச் சிரித்தாள். இருக்கலாம் என்றார். ஆகவே நான்காம் பக்கத்தில் அந்த வரியை வெட்டிவிட்டு இப்படி எழுது: 'மெசின்களுக்கு முன்னுக்குப் போக வேண்டிய ஆள் போகவில்லை.' பெயர் போட உனக்குக் கை வராது, எனக்குத் தெரியும். பெயர் போடாதே. அந்த ஆள் யார் என்று மேசையில் இருப்பவர்கள் கேட்டால், மூன்றாவது வரிசையைப் பார். நான் எழும்பி நிற்பேன்.

உன் வாப்பா